மிதிக்கு அடங்கும் சம்மட்டி

கொல்லுப்பட்டறைக்கு வெளியே நிற்பவர்களுக்குப் பவர் ஹேமர் என்னும் எந்திரச் சம்மட்டியின் சத்தம்தான் தெரியும். உள்ளே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் நிதானம் தெரியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

மோட்டார் ஒரு பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் மையத்தை விட்டு விலக்கி மாட்டிய தண்டு மேலும் கீழும் போய்வருகிறது. அதைச் சம்மட்டித் தலையோடு நேராக இணைத்துவிட்டால் எந்திரம் தாங்காது. அடிபடும் இரும்பு ஒருமுறை கனமாக வரும், மறுமுறை மெலிந்து வரும். தண்டின் ஓட்டமோ மாறாது. அதனால் இடையில் ஸ்பிரிங் பட்டைகளை வைக்கிறார்கள். கனமான இரும்பு வந்தால் பட்டை வளைந்து கொடுக்கும். வேகம் கூடினால் அதே பட்டை தலையைச் சாட்டையாக வீசி, தண்டு எட்டும் இடத்துக்கும் கீழே இறக்கும். எல்லாம் மிதிகட்டையில் இருக்கிறது. கால் அழுத்த அழுத்தத் தளர்ந்த பெல்ட் இறுகும், அடி பலக்கும்.

இந்த நிதானம் நீராவிக் காலத்திலேயே உண்டு. 'கிரேட் பிரிட்டன்' என்ற நீராவிக் கப்பலின் பெரிய தண்டை அடிக்க அன்றிருந்த சம்மட்டிகள் போதவில்லை. அதற்காகப் பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் நீராவிச் சம்மட்டியை வரைந்தார். 1842இல் காப்புரிமை பெற்றார். மதுக்கோப்பைக்குள் முட்டையை நிறுத்தி, கோப்பைக்குச் சேதமில்லாமல் முட்டையோட்டை மட்டும் அந்தச் சம்மட்டியால் உடைத்துக் காட்டுவார்கள். அதன் பலத்தைவிட இந்த அடக்கமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்மூரில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் அரிவாளாகிறது. உலையில் ஆரஞ்சு நிறம் ஏறியதும் ஆசாரி அதைக் குறட்டால் பிடித்து, பவர் ஹேமரின் மேல், கீழ் அச்சுகளுக்கு நடுவே கொடுக்கிறார். அச்சின் முகம் குறுகி உருண்டிருந்தால் இரும்பு நீளும். தட்டையாக இருந்தால் மேடுபள்ளம் சமமாகும். சிவப்பு மங்கியபின் அடித்தால் விரிசல் விடும். கண் நிறத்தில், கை குறட்டில், கால் மிதிகட்டையில். மூன்றும் ஒத்துப்போக ஆண்டுகள் ஆகும்.

முன்பெல்லாம் ஆசாரி சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில், எதிரே நிற்பவர் சம்மட்டியை இறக்குவார். பல பட்டறைகளில் எதிரே நின்றது ஆசாரியின் மனைவி. பகலெல்லாம் உலைச் சூட்டில் ஓங்கி அடித்துவிட்டு, அந்தத் தோளோடுதான் இரவுச் சமையலும். அந்த இடத்தில் இப்போது எந்திரம் நிற்கிறது. கைத்தொழிலை எந்திரம் தின்றுவிட்டது என்று யாராவது வருந்தினால் என்னால் சேர்ந்து வருந்த முடிவதில்லை. சின்னச் சுத்தியல் இன்னும் ஆசாரியிடம்தான் இருக்கிறது. அரிவாளின் வளைவையும் மூக்கையும் பட்டறைக்கல்லில் வைத்து அவரேதான் தட்டி எடுக்கிறார்.

என் கவலை வேறு. கைச்சம்மட்டிக் காலத்தில் அடிக்கு அடி இடைவெளி இருந்தது. இப்போது இடைவிடாத அடி, காதில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். எந்திரம் வாங்கக் கடன் கொடுப்பவர்கள் அதோடு நல்ல காதடைப்பான்களையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.