11 வாரம் அடைகாக்கும் ஆல்பட்ராஸ்... போனிலேயே பார்க்கலாம்!

நியூசிலாந்தின் டுனெடின் நகரத்துக்கு அருகே, கடலுக்குள் நீண்டிருக்கும் முனை டையரோவா ஹெட். இறக்கையை விரித்தால் சுமார் 3 மீட்டர் வரும் ராயல் ஆல்பட்ராஸ் பறவைகள் இங்கே கூடு கட்டுகின்றன.

செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை, பறவைகளைப் பார்க்கும் கூடத்தை மூடிவிடுகிறார்கள். ஜோடி சேர்ந்து, இடம் பிடித்து, முட்டையிடும் நேரம் அது. ஒரு சீசனுக்கு ஒரே முட்டை. அது போனால் போனதுதான். ஆரம்ப வருஷங்களில் மனிதர்களாலேயே பல முட்டைகள் பறிபோயின. லான்ஸ் ரிச்டேல் என்ற ஆசிரியர் கூடாரம் போட்டுக் காவல் இருந்த பிறகுதான், 1938-ல் முதல் குஞ்சு வளர்ந்து பறந்தது.

இப்போது காவலோடு கேமராவும் இருக்கிறது. 2016 முதல், சீசனுக்கு ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து 24 மணி நேரமும் நேரலையில் காட்டுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி சுமார் 11 வாரம் அடைகாக்கின்றன.

டிசம்பர், ஜனவரியில் நமக்கு இரவு 11.30 என்றால் அங்கே காலை 7 மணி. ஊரில் பாட்டியும் ஹாஸ்டலில் பேத்தியும் ஒரே கூட்டைப் பார்த்தபடி பேசிக்கொள்ளலாம். பறவைக்குத் தொந்தரவே இல்லை. மணிக்கணக்கில் எதுவும் நடக்காதுதான். ஆனால், கடலுக்குப் போன ஜோடி திரும்பி வந்து இறங்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம்!