பாதைக்கும் ஒரு பங்கு

லண்டனுக்குத் தெற்கே, டார்கிங் ஊரைத் தாண்டி மேற்கே போனால் அடுத்தடுத்து மூன்று குன்றுகள் வரும்: லீத், ஹோம்பரி, பிட்ச். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவை மேடுகள்தான். சர்ரே மாவட்டத்திலேயே உயரமான லீத் குன்றின் உயரம் 294 மீட்டர். அதையும் ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றிவிட வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் ரிச்சர்டு ஹல் என்பவர் உச்சியில் ஒரு கோபுரம் கட்டினார். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. சனி, ஞாயிறு வந்தால் அதன் அடியில் சேறு படிந்த சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும்.

உயரம் குறைவான இந்தக் குன்றுகளுக்கு மலைச் சைக்கிள்காரர்கள் ஆண்டு முழுக்க வருவதற்கு மண்தான் காரணம். இது பசுமணற்பாறை, முன்பு கடலடியில் படிந்த மணல். மழை ஓய்ந்ததும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் வடக்கே இருக்கும் பாக்ஸ் குன்று சுண்ணாம்புப் பாறை, அது நனைந்துவிட்டால் டயர் நிற்காது. சில மைல் இடைவெளியில் மண் மாறிவிடுகிறது, மண்ணோடு சைக்கிள் ஓட்டும் விதமும் மாறிவிடுகிறது. மலைச் சைக்கிள் ஓட்டுவதில் பாதி, மண்ணைப் படிப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே ஓட்டும் உரிமையும் லேசில் வந்ததில்லை. ஹோம்பரி, பிட்ச் குன்றுகள் அடங்கிய ஹர்ட்வுட் காடு தனியார் நிலம். அதன் உரிமையாளராக இருந்த ரெஜினால்டு பிரே 1926இல் பத்திரம் எழுதி அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பிறகு 1968ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப்பாதைகளில் சைக்கிள் செல்ல இடம் கொடுத்தது, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடப்பவர்களுக்கு மட்டுமான பாதைகளில் அந்த உரிமை இன்றும் இல்லை. குதிரையைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, வேண்டுமானால் இறங்கி நிற்பேன். இது நல்ல பழக்கம் மட்டுமல்ல, நாங்கள் இங்கே இருப்பதற்கு ஆதாரமே அதுதான்.

இந்தக் கோடையில் என்னோடு வந்தவள் பக்கத்து ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் மகள். கோயம்புத்தூரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான், ஆனால் காட்டுக்குள் ஓட்டியதில்லை. ஜூன் மாதம் இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வகுப்பு முடிந்து வந்து, பீஸ்லேக் ஊர்க்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, அவர்கள் சுடும் சீஸ் குச்சியைச் சாப்பிட்டுவிட்டு ஹோம்பரி மேலே ஏறுவோம். ஏற்றம் மெதுவானது. பைன் மரங்கள், முழங்கால் உயரப் பெரணி, அதற்கடியில் பில்பெரிச் செடிகள். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போதுதான் பாதையை நன்றாகப் பார்க்க முடியும்: எந்த வேர் வெளியே தெரிகிறது, எங்கே மணல் சரிந்திருக்கிறது, எந்த இடத்தில் போன மாதம் இல்லாத பள்ளம் விழுந்திருக்கிறது என்று.

இறக்கத்தில் முதல் கூர்வளைவு வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"அத்தை, இதுல பிரேக்கு எப்பப் புடிக்கறதுங்க?"

"வளைவுக்கு முன்னாடியே புடிச்சு வேகத்தக் கொறச்சுக்க கண்ணு. உள்ள போனதுக்கப்புறம் விட்டுரு. கண்ணு மட்டும் வளைவு முடியற எடத்தப் பாக்கட்டும்."

சொல்வது எளிது, உடம்பு கேட்காது. பயம் வந்தால் விரல் தானாகப் பிரேக்கை அமுக்கும், கண் முன்சக்கரத்துக்கு ஓடிவரும். அந்த இரண்டையும் மாற்றுவதுதான் பயிற்சி. பெடல் இரண்டும் மட்டமாக இருக்க வேண்டும். குதிகால் சற்றுத் தாழ, முழங்காலும் முழங்கையும் மடங்கி, இருக்கையைவிட்டு எழுந்து நிற்க வேண்டும். ஆள்காட்டி விரல் மட்டும் பிரேக்கில். வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு, ஏனென்றால் பிரேக் பிடித்தவுடன் எடை முன்னால் சாய்ந்து முன்டயர் மண்ணை இறுகப் பற்றுகிறது. பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் எடை குறைந்த பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு தரையைக் கீறிக்கொண்டே போகும். சைக்கிள் நிற்காது, பாதைதான் கெடும். ஒரு மாலை முழுவதும் அந்த ஒரே வளைவில் ஏறி இறங்கினோம். கடைசியில் அவள் பிரேக்கை விட்டாள். சக்கரம் வளைவின் சாய்வில் தானாக ஒட்டிக்கொண்டு திரும்பியது. ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்காகவே இந்த விளையாட்டை நூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

மலைச் சைக்கிளின் கதையே பிரேக்கில் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் 1930கள், 40களின் பழைய கனத்த சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய் மண்சாலையில் இறங்கினார்கள். 1976 அக்டோபரில் சார்லி கெல்லி முன்னின்று அங்கே பந்தயம் நடத்தினார். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில். கீழே வருவதற்குள் சக்கர அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ரீபேக் என்று அந்தச் சரிவுக்குப் பெயர் வந்ததே இந்த வேலையால்தான். அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிய சட்டகம் அமைத்துச் சைக்கிள் செய்தார். இருபது ஆண்டு முடிவதற்குள், 1996இல் அட்லாண்டாவில், இது ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. இன்று விலை குறைந்த மலைச் சைக்கிளில்கூட டிஸ்க் பிரேக் இருக்கிறது. ஒரு விரலால் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். கருவி அவ்வளவு தேறிவிட்டது. பாதையின் மண் மட்டும் அதே மண்.

அந்த மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கற்றுக்கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹோம்பரியில் பாதை பழுது பார்க்கும் தன்னார்வலர்களோடு நாங்கள் இருவரும் போனோம். கையில் மண்வெட்டி, பிக்காசு, இரும்பு வாரி. வேலையை நடத்தியவர் எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர். அவர் யாருக்கும் உடனே வேலை கொடுக்கவில்லை. எங்களைப் பாதையின் தலைப்பில் நிறுத்தி, நீங்கள் மழைத்தண்ணீராக இருந்தால் இங்கிருந்து எந்த வழியாகப் போவீர்கள், நடந்து காட்டுங்கள் என்றார். நடந்தோம். நடந்த இடமெல்லாம் சக்கரம் பூட்டிக் கீறிய தடம். பின்சக்கரம் இழுத்த கோடு விரலளவு ஆழம்தான் இருக்கும். மழைக்கு அது போதும். தண்ணீர் அதில் இறங்கி, வேகம் பிடித்து, மணலை அரித்து, அடுத்த வளைவுக்குள் அது கணுக்கால் ஆழ ஓடையாகிவிட்டிருந்தது. அந்த ஓடையைத் தவிர்க்க வந்தவர்கள் பக்கத்தில் பில்பெரிச் செடிகளின் மேல் ஏற்றி ஓட்டியதில் பாதை இரு மடங்கு அகன்றிருந்தது.

சரிசெய்யும் முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. பாதையின் மலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பள்ளத்தாக்குப் பக்கம் ஐந்து சதவீதம் அளவுக்குச் சாய்வு கொடுக்க வேண்டும். அப்போது தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே கடந்து போய்விடும். இறக்கமாகவே போகும் பாதையில் ஆங்காங்கே ஒரு சிறு ஏற்றம் வைக்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த இடத்துக்கு மேல் நகர முடியாமல் வெளியே திரும்பிவிடும். அண்ணன் மகள் இதைக் கேட்டதும் மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். "தாத்தா மடை மாத்தற மாதிரிதானுங்க அத்தை," என்றாள். தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்ப அவள் தாத்தா எத்தனை மண் வெட்டிப்போடுவாரோ அத்தனைதான் இங்கும் தேவைப்பட்டது. குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தோம். கோடு போட்டதுபோல் வந்த தண்ணீர் நாங்கள் வைத்த ஏற்றத்தில் தயங்கி, பெரணிக்குள் திரும்பிப் போனது. இத்தனை ஆண்டு சைக்கிள் ஓட்டியதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

பாதை வெட்டுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை விதிகளாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் அதில் முன்னோடி. மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, பாதையின் செங்குத்து அதில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையையே வழியாக எடுத்துக்கொள்ளும். பாதையின் சராசரிச் சரிவு பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. நேராகக் கீழே பாயும் பாதை ஓட்டுகிறவனுக்கு ஒரு பருவம் சிலிர்ப்பு தரும், அடுத்த பருவம் அது ஓடையாகிவிடும். வளைந்து வளைந்து போகும் பாதை தலைமுறைக்கும் நிற்கும்.

ஜூலை கடைசியில் ஆல்ப்ஸ் போனோம். ஜெனீவாவில் இறங்கி, பிரான்ஸ் பக்கம் மோர்சின். பிரான்சும் சுவிட்சர்லாந்தும் பகிர்ந்துகொள்ளும் போர்த் து சொலெய் என்ற அந்த மலைப்பகுதியில் 12 ஊர்கள். பனிக்காலத்தில் பனிச்சறுக்கு ஆட்களை ஏற்றும் லிஃப்ட் கோடையில் சைக்கிள்களை ஏற்றுகிறது. சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். மோர்சினுக்கு அடுத்த ஊர் லெ ஷெ. 2004இலும் 2022இலும் உலகச் சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது.

ஹோம்பரியில் ஒரு மாலைக்குக் கிடைக்கும் மொத்த இறக்கம் இங்கே ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடுகிறது. பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று கடினத்தைச் சொல்லும் நிறங்கள். சாய்த்துக் கட்டிய வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது உடம்பு கணக்குப் போடுவதை நிறுத்திவிடுகிறது. இடது, வலது, இடது. சைக்கிள் சாய்கிறது, நாம் சாய்வதில்லை. லிந்தரெ என்ற குக்கிராமத்தில் ஆடுகள் தெருவில் சுதந்திரமாக அலைகின்றன, சைக்கிளை நிறுத்தினால் கையுறையை மோந்து பார்க்கின்றன. அங்கிருந்து ஏறும் லிஃப்ட் மொசெத் முகட்டில், 2,000 மீட்டருக்கு மேலே, நாட்டு எல்லையில் விட்டுவிடும். மறுபக்கம் சுவிட்சர்லாந்து. எதிரே 'தான் து மிடி' என்ற சிகரங்கள், 3,257 மீட்டர் வரை எழுந்து நிற்கும் பற்கள். அண்ணன் மகள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றாள்.

அந்த அழகுக்கு நடுவிலும் தரை தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜூலை முடிவதற்குள் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் அதே பாதையில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். பிரேக் பிடித்த சக்கரம் சிறு மேடு ஒன்றைத் தொட்டதும் துள்ளுகிறது, விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டுகிறது, அடுத்து வரும் சக்கரம் அதே குழியை ஆழமாக்குகிறது. கடைசியில் வளைவின் வாயில் வரிசையாக அலைகள். அதன்மேல் இறங்கும்போது சஸ்பென்ஷன் இருந்தும் முன்கை கல்லாக இறுகிப்போகும், விரல் பிரேக்கிலிருந்து பிரிய மறுக்கும். பயந்து இன்னும் அழுத்துவோம், அலை இன்னும் ஆழமாகும். அண்ணன் மகள் மட்டும் அலைக்கு நன்றாக முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, சைக்கிளை அதன் போக்கில் மிதக்கவிட்டுக் கடந்தாள். ஹோம்பரி வளைவில் படித்த பாடம் அங்கே அவளைக் காப்பாற்றியது.

காலையில் லிஃப்ட் திறக்கும் முன்பே சிறு எக்ஸ்கவேட்டரோடும் மண்வெட்டியோடும் வேலையாட்கள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். முந்தின நாள் நாங்கள் உடைத்த வளைவை அவர்கள் வெட்டி, தண்ணீர் தெளித்து, தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாம் வாங்கும் லிஃப்ட் டிக்கெட்டில் அவர்களுக்கான கூலியும் அடக்கம். அங்கே ஓட்டுகிறவனின் கடன் காசாகத் தீர்ந்துவிடுகிறது. இறங்கி வந்து, அந்த மலைகளில் விளையும் பில்பெரியை வைத்துச் சுட்ட டார்ட்டைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

சர்ரேயில் டிக்கெட் இல்லை. காட்டின் வாசலில் யாரும் பணம் வாங்குவதில்லை. அதனால் பாதை இலவசம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வளைவையும் யாரோ ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து வெட்டியிருக்கிறார். ஓட்ட வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், மண்வெட்டி பிடிக்க வருகிறவர்கள் சிலர்தான். மலைச் சைக்கிளை உண்மையாக நேசிக்கிறவர்கள் மாற்ற வேண்டியது இதைத்தான். புதுச் சக்கரத்துக்கும் புது ஷாக்குக்கும் செலவிடும் பணத்தை நான் குறை சொல்லவில்லை, அதில் சுகம் உண்டு. அந்தச் சுகத்தில் ஒரு பங்கு பாதைக்கும் போக வேண்டும். மழை பெய்து மண் ஊறிக் கிடக்கும் நாளில் பாதையை விட்டுவைப்பது ஒரு பங்கு. சக்கரத்தைப் பூட்டாமல் இறங்கக் கற்றுக்கொள்வது ஒரு பங்கு. பள்ளத்தைத் தவிர்க்கச் செடியின் மேல் ஏற்றாமல் இருப்பது ஒரு பங்கு. மாதத்தில் ஒரு காலைப் பொழுதை மண் வெட்டக் கொடுப்பது முழுப் பங்கு.

இதில் நமக்கும் ஆதாயம் இருக்கிறது. நடந்து போகிறவர்களும் குதிரைக்காரர்களும் நிலத்தின் உரிமையாளர்களும் சைக்கிள்காரர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு முதல் காரணம், கீறிப்போட்ட பாதைதான். அதே கூட்டம் மண்வெட்டியோடு நின்று, அவர்கள் நடக்கும் வழியையும் சேர்த்துச் சீர்செய்வதைப் பார்த்தால் பேச்சு மாறும். அன்று ஹோம்பரியில் நாயோடு நடந்து வந்த ஒரு பெண் நின்று, தண்ணீர் வழி மாறியதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பின்புறம் கெட்டுக்கிடக்கும் இன்னொரு பாதையைப் பற்றிச் சொன்னார். அடுத்த மாதம் அங்கே வேலை. புதிய பாதை வேண்டும் என்று கேட்கப் போகும் நாளில், இருக்கும் பாதையை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைக் காட்டும் தகுதியோடு நாம் போய் நிற்க வேண்டும்.