எரவாணத்து டம்ளர்

வேதாந்தப் பாட்டுகள் பாடிய செங்கோட்டை ஆவுடையக்காளைப் பற்றிக் கோயமுத்தூரில் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ப் பேசுவேன். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், வேலைக்கு வரும் அருந்ததியர் பெண்களுக்கென்று எரவாணத்தில் தனி டம்ளர் செருகியிருந்ததை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

அத்தை காலத்துப் பழக்கம் என்று அவர்மேல் பழியைப் போட்டுவந்தேன். அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் டம்ளர் அங்கேயேதான் இருந்தது. அதில் காப்பித்தண்ணியை உயரத் தூக்கி ஊற்றியது என் கை.

அக்காளை நான் அரைகுறையாகப் படித்தவளல்ல, அதுதான் கேவலம். சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பால்ய விதவை அவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றவர். வேதாந்தத்தைக் கும்மி, அம்மானை, குறவஞ்சி, பள்ளு என்று பெண்கள் வாயில் நிற்கும் மெட்டுகளுக்கு இறக்கினார். தீட்டுப் பார்க்கிறவர்களை, இந்த உடம்பே தீட்டில் உருவானதுதானே என்று கேலி செய்தார். அந்த இடம் வந்ததும் நான் குரலைத் தணித்து, ‘எல்லாம் ஒன்றே’ என்ற பக்கம் நகர்ந்துவிடுவேன். ஆத்மாவில் பேதமில்லை என்று சொல்ல எந்தப் பாத்திரத்தையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. கைதட்டும் கிடைக்கும்.

இன்னொரு சமாதானமும் கைவசம் இருந்தது. அச்சேறும் முன் இந்தப் பாட்டுகளை நெஞ்சிலும் நோட்டிலும் காத்தவர்கள் அக்கிரகாரத்துப் பெண்கள். பாடிக்கொண்டே மடியும் பார்த்தார்கள், நான் மட்டும் என்ன புதிதாக? ஆனால் அவர்களில் தலை மழித்த விதவைகள் இருந்தார்கள். பாட்டைத் தவிர வேறெதுவும் அவர்கள் வசத்தில் இல்லை. என் இடுப்பில் தோட்டத்துச் சாவி தொங்கியது.

மேடையில் நான் அக்காளோடு நிற்கவில்லை. பாரசீகக் கவி தாஹிரா 1848இல் பதஷ்த் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் ஆண்கள் முன்னால் முகத்திரையில்லாமல் வந்து நின்றார்; 1852இல் தெஹ்ரானில் கொல்லப்பட்டார். அவரைப் பற்றியும் உருகிப் பேசியிருக்கிறேன். தூரதேசத்துப் புரட்சி பேசுவதற்குச் சௌகரியமானது.

ஒருநாள் வேலைக்கு வருபவரின் மகள், கல்லூரியில் படிக்கிறவள், அம்மாவைக் கூட்டிப்போக வந்தாள். “காப்பி குடிக்கிறயா அம்மிணி?” என்றேன்.

“வேண்டாமுங்க” என்றாள், எரவாணத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கே டம்ளரை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு, பேப்பர் கப் ஒரு கட்டு வாங்கி வைத்தேன். எல்லாருக்கும் அதுதான் என்று பேர். வீட்டு ஆட்கள் இன்னும் சில்வர் டம்ளரில்தான் குடிக்கிறோம்.