கணக்குத் தீர்த்த மனைவி

திருவண்ணாமலையில் ரமண மகரிஷியை 1938-இல் கண்டு சென்ற ஆங்கில எழுத்தாளர் சோமர்செட் மாமை நம் அன்பர்கள் பலர் அறிவர். அவருடைய 'தி கான்ஸ்டன்ட் வைஃப்' என்னும் நகைச்சுவை நாடகம் 1926-இல் நியூயார்க்கில் மேடையேறியதை அறிந்தவர் சிலராகவே இருக்கலாம்.

ஜான் என்னும் மருத்துவன் தன் மனைவி கான்ஸ்டன்ஸின் உயிர்த்தோழியோடு கள்ள உறவு கொண்டுள்ளான். இதைக் கான்ஸ்டன்ஸிடம் சொல்லலாமா, கூடாதா என உற்றார் தவிக்கின்றனர். அவளோ எல்லாவற்றையும் முன்பே அறிந்தவள். தன் மனைவியின் தலையணைக்கடியில் கிடைத்த ஜானின் சிகரெட் பெட்டியோடு தோழியின் கணவன் சீறி வருகிறான். அதை அங்கே மறந்து வைத்தவள் தானே என்கிறாள் கான்ஸ்டன்ஸ். சீறி வந்தவனே மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிறது!

பிறகு அவள், வீடுகளை அலங்கரித்துத் தரும் தொழிலில் ஓராண்டு உழைக்கிறாள். அவ்வாண்டின் ஊணுக்கும் உறையுளுக்குமாக 1,000 பவுனைக் கணவன் கணக்கில் கட்டிவிட்டு, தன்னை நெடுநாள் நேசித்த ஒருவனோடு ஆறு வாரம் இத்தாலிக்குப் புறப்படுகிறாள். திரும்பியும் வருவாளாம்! ஜான் குதிக்கிறான், இறுதியில் இணங்குகிறான்.

இம்முடிவை நாம் மெச்சவில்லை. பிழைக்குப் பிழை மருந்தாகாது. எனினும், சோறிடுபவனுக்கே உரிமை என்னும் எண்ணத்தின் மீது மாம் வீசிய சாட்டை நம் முதுகிலும் பட்டது.

நாம் பட்டப்படிப்பில் வாசித்த இந்நாடகத்தை, சென்ற குளிர்காலத்தில் தில்லிக் குடியிருப்பில் இல்லாளுக்குக் கதையாகச் சொன்னோம். சொல்லிவிட்டு, "உனக்கு எவ்வளவு பில் போடலாம்?" என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

கீரை ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள்: "போடுங்கள். பதினைந்து ஆண்டுச் சமையலைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாற்றல் உத்தரவுக்காக நான் விட்டுவந்த ஆசிரியை வேலையையும் கழித்துக்கொள்ளுங்கள். மீதி இருந்தால் தருகிறேன்."

அலுவலகத்தில் பயணப்படிப் பட்டியலில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிக்கும் நமக்கு, இக்கணக்கு இத்தனை ஆண்டுகள் கண்ணில் படவில்லை. வேலையை விடலாமா என்று அன்று அவளை ஒரு சொல் கேட்டதும் இல்லை. ஜான் செய்த துரோகத்தை நாம் செய்யவில்லை என்ற பெருமிதம் அக்கணமே அடங்கிற்று. துணையை மறப்பதற்கு வேறொருத்தி வேண்டுமென்பதில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறாள். அன்று கீரை ஆய்வது நாம்.