நான்கு மணி நேரத் தொலைவு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் துபாயில் கட்டட வேலை செய்கிறார். பாட்டனார் சிங்கப்பூரில் உழைத்தவர்.

தட்டையான வரைபடத்தில் சென்னையையும் துபாயையும் அடிக்கோலால் இணைத்தால் அது சரியான தூரமாகாது. பூமி உருண்டை அல்லவா? பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லே மிகக் குறுகிய வழி. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைச் சூத்திரத்தில் இட்டேன். மையக் கோணம் சுமார் 26.4 பாகை. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டால் தூரம் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் போட்டுப் பார்த்தேன். என்ன வியப்பு! விடை ஏறத்தாழ அதேதான். ஐயா கிழக்கே போன தூரமும் அப்பா மேற்கே போன தூரமும் ஒன்றே!

ஆனால் காலம் ஒன்றல்ல. ஐயா 1978இல் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் போனார். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு அக்கப்பலின் பயணிகள் சேவை முடிந்தது. இன்று விமானத்துக்கு நான்கு மணி நேரம் போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்து துபாயில் இறங்கினால், அங்கே பகல் 12.45தான். அவ்வூர் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. திரும்பும்போது அந்த ஒன்றரை மணி கூடிவிடும். கடிகாரத்தை நம்பினால் போவது விரைவு, வருவது தாமதம். உண்மையோ நேர்மாறு! உயரே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, குறிப்பாகக் குளிர்காலத்தில், ஊர் திரும்பும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் பெருமையோடு விளக்கினேன்.

"ஏய்யா, மெட்ராசுக்கு பஸ்ஸுல போகவே பத்து மணி நேரமாகுது. நாலு மணி நேரத்துல வர்ற ஊருன்னா உங்கப்பன் ஏன் ரெண்டு வருசமா வரல?"

என்னிடம் விடை இல்லை. சூத்திரத்தில் விடுப்புக்கு இடமில்லையே! அப்பாவுக்கு ஈராண்டுக்கு ஒருமுறைதான் விடுப்பும் பயணச்சீட்டும். சென்ற ஆண்டு ஐயா இறந்தபோது அவர் முகத்தை அப்பா கைப்பேசியில்தான் பார்த்தார். விடுப்புக் கிடைத்து வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அப்போதும் விமானம் நான்கு மணி நேரந்தான் எடுத்துக்கொண்டது.

விஞ்ஞானம் தூரத்தை வென்றுவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் நினைத்தபோது புறப்பட முடிந்தவனுக்குத்தான் அந்த வெற்றி. மற்றவனுக்குத் துபாய் இன்னும் இரண்டாண்டுத் தொலைவில்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் பெற்று, வேலை கிடைத்து, முதலில் வாங்க நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: துபாயிலிருந்து சென்னைக்கு, அப்பாவின் பெயரில், ஒருவழிப் பயணச்சீட்டு.