ஊரார் நோன்பில் நம் சாப்பாடு

வெளிநாடு கிளம்பும் சைவக்காரர்களுக்கு முதல் கண்டம் விமானத்திலேயே காத்திருக்கிறது. டிக்கெட் போடும்போது சாப்பாட்டுப் பட்டியலில் ‘இந்து மீல்’ என்று இருக்கும். நம்ம சாப்பாடுதானே என்று தட்டிவிடுவார்கள். அதன் குறியீடு எச்என்எம்எல். மாடும் பன்றியும் இருக்காது. கோழி, ஆடு, மீன் எதுவும் வரலாம். சைவத்துக்கு உரியது ஏவிஎம்எல். மாமா சிங்கப்பூர் கிளம்பும்போது இதைச் சொன்னேன்.

“இந்த எழுத்தெல்லாம் எனக்கு எங்கேடா ஞாபகம் இருக்கும்?”

“ஏவிஎம் ஸ்டுடியோவை நினைச்சுக்கோங்க மாமா. பின்னாடி ஒரு எல்.”

அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகாதவர்களுக்கு விஜேஎம்எல், அதாவது சமணச் சாப்பாடு. எதுவானாலும் ஒரு நாளாவது முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு பணிப்பெண்ணிடம் கெஞ்சிப் பயனில்லை.

*

பாங்காக்கில் “கறி வேண்டாம்” என்றால் கறி இல்லாமல்தான் தருவார்கள். ஆனால் ‘நாம் பிளா’ என்ற மீன் சாறு இருக்கும், சிப்பிச் சாறும் இருக்கும். இதில் ஏமாற்று ஏதுமில்லை. நாம் உப்புப் போடும் இடத்தில் அவர்கள் மீன் சாறு ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

அங்கே தேட வேண்டியது மஞ்சள் கொடி. அதில் சிவப்பில் ஓர் எழுத்து. நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோல் தெரியும். ‘ஜே’ என்று படிக்க வேண்டும். சீன வம்சாவளியினரின் நோன்புச் சாப்பாடு அது. இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள், தெருத் தெருவாக இந்தக் கொடிதான். அப்படி ஒரு தள்ளுவண்டியில் நான் வாணலியையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் சாறு பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். சிப்பி இருக்க வேண்டிய லேபிளில் காளான் படம். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

*

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் விசாரிப்பது இதைத்தான்: இந்த ஊர்க்காரர்கள் சாமிக்காக எதை விடுகிறார்கள், எப்போது விடுகிறார்கள்? நம் ஆசாரத்தை அந்நியச் சமையல்காரருக்கு விளக்கி மாளாது. அவருடைய ஆசாரம் அவருக்கு அத்துப்படி. அதில் ஒதுங்கிக்கொள்வது சுலபம்.

*

தைவானில் இது இன்னும் சுலபம். 2009 முதல் சைவ உணவுப் பொட்டலங்களில் வகை குறிப்பிட வேண்டும் என்பது விதி. சுத்த சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, பூண்டு வெங்காய வகை சேர்ந்தது என ஐந்து வகை. சைவக் கடைப் பலகைகளில் ஸ்வஸ்திகா இருக்கும், பௌத்த அடையாளமாக.

ஒரு வேடிக்கை. பௌத்த நூல்கள் விலக்கும் ஐந்து கார வகைகளில் ஒன்று பெருங்காயம் என்பார்கள். இங்கே வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்குப் பெருங்காயம்தான் கைகொடுக்கிறது. அந்தக் கணக்குப்படி, அமாவாசைக்கு மடியாக வைத்த சாம்பாரும் ஒரு சீன மடத்துப் பந்தியில் தள்ளுபடி.

*

ஜப்பானில் கண்ணில் படாத மீன்தான் தொல்லை. சூப், நூடுல்ஸ், காய் வேகவைத்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி என்ற சாறு. பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு இறக்கியது. காய்கறியை மட்டும் தின்றாலும் மீன் உள்ளே போயிருக்கும்.

விடை கோயாசான் மலையில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் கூக்காய் என்ற துறவி நிறுவிய மடங்களின் ஊர். ஐம்பது மடங்களுக்குக் குறையாமல் யாத்ரிகர்களுக்கு அறை கொடுக்கின்றன. சாப்பாடு ஷோஜின் ரியோரி என்னும் துறவிச் சமையல். தாஷி உண்டு, ஆனால் கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷீடாக்கே காளானும் ஊறியது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிய ‘கோமா தோஃபு’ ஒரு துண்டு வைப்பார்கள். வாயில் போட்டால் மெல்ல வேலையில்லை.

*

அடிஸ் அபாபா. புதனும் வெள்ளியும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு. ஈஸ்டருக்கு முந்திய நீண்ட நோன்பு தனி. அந்த நாட்களில் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை கிடையாது. ஓட்டலில் நோன்புத் தட்டு கேட்டால், தாம்பாளம் அகலத்துக்குப் புளித்த இன்ஜெராவும் அதன்மேல் மசூர் பருப்பு, கடலை மாவுக் குழம்பு, கீரை என்று குவியல் குவியலாகவும் வரும். தோசைக்குப் பழகிய நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. சைவக்காரர்கள் கிழமை பார்த்து இறங்க வேண்டிய ஊர்.

*

எச்சரிக்கையும் எழுதிவைக்க வேண்டும். அடுத்தவர் நோன்பின் எல்லைக்கோடு நம் கோட்டோடு ஒட்டிப் போகாது. கிரேக்கத்தில் ஈஸ்டர் நோன்பில் இறைச்சி, முட்டை, பால் இல்லை, மீனும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இறாலும் ஆக்டோபஸும் உண்டு. அவற்றுக்கு ரத்தம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. நோன்பு உணவு என்று கேட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிவிடக் கூடாது.

*

அமெரிக்கக் கடைகளில் கோஷர் முத்திரை நல்ல துணை. யூத விதிப்படி பூச்சி ஆகாது. எனவே முத்திரை உள்ள பொட்டலத்தில் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு (இ120) இருக்காது. பன்றிக் கொழுப்பும் இருக்காது. ‘பரேவ்’ என்று போட்டிருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை என்று பொருள். ஆனால் மீனும் முட்டையும் பரேவ்தான். மறுபடியும் அந்தக் கோட்டுத் தகராறு.

இத்தாலியில் பால்பொருளிலும் எச்சரிக்கை வேண்டும்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். வேறு எதையும் போட அதன் விதி இடம் தராது.

*

நண்பர் பாயிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். ஹலால் கடை இல்லாத ஊரில் அவர் தேடுவது சைவக் கடையை.

“உங்க ஆளுங்க கடையில ஒரு தொல்லையும் இல்ல. என்ன, நாலாம் நாள் பிரியாணி கனவுல வரும்.”

கோஷர் இறைச்சி கிடைத்தால் அதையும் சாப்பிடுவாராம். முந்தைய வேதக்காரர்களின் உணவு ஆகுமானது என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ரமலானில் பயணியாக இருந்தால் நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளவும் சலுகை உண்டு. பயணம் கஷ்டம் என்பது சட்டம் வகுத்த காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

*

1888இல் லண்டனில் இறங்கிய காந்தி, இறைச்சி தொடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கோடு பட்டினியாக அலைந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அப்படி ஒரு கடை அங்கே எப்படி வந்தது? இங்கிலாந்தின் சைவ இயக்கத்துக்கு ஒரு வேர், 1809இல் சால்ஃபோர்டில் தொடங்கிய பைபிள் கிறிஸ்தவத் திருச்சபை. இறைச்சி உண்ணாமை அந்தச் சபையின் கட்டளை. 1847இல் சைவச் சங்கம் தொடங்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. குஜராத்தி வைணவத் தாயின் பிள்ளைக்கு லண்டனில் சோறு கிடைத்ததில் ஒரு கிறிஸ்தவச் சபைக்கும் பங்கு உண்டு.

*

கடன் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? நோன்பு இருக்கும் எத்தியோப்பியர் ஒருவர் சென்னைக்கு வந்தால் சைவ ஓட்டலுக்குத்தான் கைகாட்டுவோம். அங்கே பொங்கலில் நெய், குருமாவில் சில இடத்தில் தயிர், ரவா தோசையில் சில இடத்தில் மோர். நம் பொட்டலங்களில் சைவத்துக்குப் போடும் பச்சைப் புள்ளி பாலைத் தடுப்பதில்லை. தைவான் பொட்டலத்தில் ஐந்து வகை அச்சடிக்க முடிகிறபோது, நம் மெனு கார்டில் பால், நெய் சேர்ந்த அயிட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுவது பெரிய செலவில்லை. அதுவரை சப்ளையரைக் கூப்பிட்டு, “அண்ணே, இதுல நெய் உண்டா?” என்று விருந்தாளிக்காக நாம் கேட்டுச் சொல்லலாம்.