நாற்பது நாள் சிவந்த கண்

போன மாசம் ஹாஸ்டல்ல எனக்கு ‘மெட்ராஸ் ஐ’. ‘பார்வை போயிடுமோ’ன்னு அம்மாவுக்கு போன் போட்டு அழுத வீரன் நான்! அந்த லீவுலதான் டாங் ஃபெய்ஃபான் பற்றிப் படிச்சேன்.

ட்ரக்கோமா வந்தா இமைக்குள் தழும்பாகி, முடி உள்பக்கம் திரும்பி, கருவிழியைக் கீறும். அந்தக் கிருமியை இந்தச் சீன விஞ்ஞானி 1955-ல் பெய்ஜிங்கில் முட்டைக் கருவில் வளர்த்துப் பிடித்தார். பென்சிலின் போட்டா தேடுற கிருமியே வளராமப் போயிடும் (நாங்க லேப்ல நாய்ஸோட சிக்னலையும் ஃபில்டர் பண்ணுவோமே, அந்தக் கதை). அவர் போட்டது ஸ்ட்ரெப்டோமைசின்.

1928-ல் நோகுச்சி காட்டிய கிருமி தப்பாப் போயிருந்தது. அதனால, இவர் தன் கண்ணிலேயே கிருமியைவிட்டு, நாற்பது நாள் மருந்தே போடாமல் இருந்து நிரூபித்தார். 1958-ல், அரசியல் கூட்டங்களில் அவமானப்படுத்தப்பட்டு உயிரை விட்டார்.

எனக்கு ஐந்தே நாளில் சரியாச்சு. சொட்டு மருந்து பாட்டில் பாதி அப்படியே இருக்கு.